மெயின் சுவிட்சும் மகளின் லினக்ஸும்

இன்றும் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் மெயின் சுவிட்சைத் தொடுகிறேன்.

மகளுக்கு முதுகலைக் கடைசிப் பருவம். திங்கட்கிழமை ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். அது இருந்த ஒரே இடம் அவளுடைய பழைய லேப்டாப். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் போனால் அதுவும் போகும். அதில்தான் லேப்டாப்பை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளைப் புதிதாக ஏற்றப்போவதாக வெள்ளிக்கிழமை காபி குடித்தபடி சொன்னாள். ஆயத்தமாகக் கிடைக்கும் ரகம் இல்லையாம். ஒவ்வொரு மென்பொருளையும் மூல நிரலிலிருந்து லேப்டாப்பே கட்டிக்கொள்ளுமாம். ஒரு நாளுக்கு மேலேயே ஓடுமாம்.

பென் டிரைவில் நகல் எடுத்தாயா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் செய்கிறேன் என்றாள்.

அதை ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஒன்று. அதுதான் சுத்தம் என்பது அவள் கட்சி. ஓடிக்கொண்டிருக்கும் பழைய லினக்ஸை வைத்துக்கொண்டே, காலியாகக் கிடக்கும் பகுதியில் புதியதைக் கட்டுவது இன்னொன்று. அழிப்பது என்ற சொல்லைக் கேட்டதுமே நான் என் காபியைத் தள்ளிவைத்தேன். அவள் இறங்கிவந்தாள்.

"சரிப்பா. முன்வீட்டுல குடியிருந்துக்கிட்டே பின்னாடி வீடு கட்டுற மாதிரி. உங்களுக்கு ஏத்த வழி."

ஞாயிறு காலை திருவானைக்காவலில் உறவுக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. கிளம்பும்போது கேஸை மூடி, மெயினை அணைத்து, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். மகள் ஆட்டோ பிடிக்க முன்னால் போயிருந்தாள்; அன்றும் அப்படியே செய்தேன். பந்தியில் ரசம் வந்தபோது, பக்கத்து இலைக்காரரிடம் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்: நேற்றுக் காலை தொடங்கியது, வீட்டில் லேப்டாப் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, போவதற்குள் முடிந்துவிடும் என்று.

என் கை இலையிலேயே நின்றது.

"மெயினை அணைச்சுட்டேம்மா."

அவள் ரசத்தைச் சோற்றோடு பிசைந்தாள்.

"பூட்டை இழுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப திருடன் வரமாட்டான். சாப்பிடுங்க."

ஆட்டோவில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வரும்வரை இரண்டு கோயில் சாமிகளையும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டேன். மெயினை என்னையே போடச் சொன்னாள். திரையில் ஏதேதோ எழுத்துகள் ஓடின. பழைய லினக்ஸ் எழுந்துவந்தது. அறிக்கை, முந்தின இரவு விட்ட வரியில் அப்படியே இருந்தது.

"முன்வீடு அப்படியே இருக்குப்பா. பின்னாடி பாதியில நின்ன ஒரு சுவரை மட்டும் மறுபடி எழுப்பணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு நான் கேட்காமலேயே பென் டிரைவை எடுத்துச் செருகப் பார்த்தாள். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறைதான் உள்ளே போனது. அவள் விரல்களைப் பார்க்காதவன்போல் நான் மின்விசிறியைப் போடப் போனேன்.