ஹம்மர்பெஸ்ட்டில் ராகுகாலம்

எனக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ராகுகாலத்தைக் கணக்கிடும் கணினி நிரலை இந்த ஒஸ்லோவில் என்னைவிடத் திறமாக எழுதக்கூடியவர் இருந்தால் வரச்சொல்லுங்கள், பார்ப்போம். அதை நான் கோயிலுக்கு எழுதவில்லை, குதிரைப் பந்தயத்துக்கு எழுதினேன். சிரிக்க வேண்டாம், முதலில் இருந்து சொல்கிறேன்.

என் கணவர் எலக்ட்ரீசியன். அவர் வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் வீட்டில் இருந்தார். நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் நிரல் எழுதுகிறவள். காலையில் நான் எங்கள் பகுதியான ட்வெய்ட்டாவில் சுரங்க ரயில் பிடித்து வேலைக்குப் போவேன். அவர் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சமைத்து வைத்து, வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதுவார். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில், குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்து, மின்னி மின்னி மாறும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"பந்தயச் சந்தை."

"சூதோ? வீட்டுக்குள்ளை சூதோ?"

"சூது இல்லையப்பா. யாவாரம். இரும், சொல்லுறன்."

சொன்னார். பந்தயக் கடையில் என்றால் நாம் கடைக்காரனோடு பந்தயம் பிடிக்கிறோம். இந்தச் சந்தையில் கடைக்காரன் இல்லை. ஒரு குதிரை வெல்லும் என்கிறவனும் வெல்லாது என்கிறவனும் நேருக்கு நேர் விலை பேசுகிறார்கள். இங்கிலாந்தில் பந்தயம் தொடங்குவதற்கு முந்திய சில நிமிடங்களில் அந்த விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மலிவாக இருக்கும்போது வாங்கி, கொஞ்சம் ஏறியதும் விற்றுவிட்டால், எந்தக் குதிரை வென்றாலும் சில்லறை நமக்கு மிஞ்சும். குதிரைகள் வெளிக்கிட முன்னம் கையைக் கழுவிவிட வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

அவருக்கு மூளை ஓடியது, விரல் ஓடவில்லை. ஒரு நிரல் எழுதித் தரும்படி கேட்டார். எனக்கு வேறு வேலை இல்லையோ என்று சீறினேன். ஆனால் அவர் பாவித்துக்கொண்டிருந்த திரையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு கேவலமாக ஒரு திரையை எவன் செய்தான்? அந்த வார இறுதியிலேயே முதல் வடிவத்தை எழுதிவிட்டேன்.

அந்த இரண்டு வருடமும் எங்களுக்கு அதே பேச்சுத்தான். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அன்றைய முறைப்பாடு தொடங்கிவிடும். "உம்மட புரோகிராம் இண்டைக்கு ஒரே குதிரையை ரெண்டு தரம் வாங்கிப்போட்டுது." "நீங்கள் ரெண்டு தரம் அமத்தியிருப்பியள்." "நான் ஏன் அமத்துறன்? எனக்கென்ன விசரே?" அவர் தேத்தண்ணி ஊற்றித் தருவார், நான் பிழையைத் தேடுவேன். விலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் வரிசைக்கு ஏணி என்று பெயர் வைத்தோம். நீலப் பக்கம் வாங்க, ரோசாப் பக்கம் விற்க. எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் விற்றுத் தீர்க்கும் பெரிய சிவப்புப் பொத்தானில் 'கழுவு' என்று தமிழில் எழுதினேன். அதைப் பார்த்து அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மகள் மேசையின் மறுபக்கத்தில் வீட்டுப்பாடம் செய்வாள். வேடிக்கை என்னவென்றால், குதிரையை வைத்து இவ்வளவும் செய்தோம், ஒரு குதிரை ஓடி நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அவை வெளிக்கிடும் நேரம் நாங்கள் அடுத்த பந்தயத்தின் ஏணியில் நிற்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நல்லாக அடி வாங்கினோம். அவர் சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "செவ்வாய் பின்னேரம். ராகுகாலம். அதுதான்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. நாட்காட்டியில் இருப்பது ஊர்க் கணக்காம். உண்மையான ராகுகாலம் சூரியன் உதிப்பதில் இருந்து மறையும் வரைக்கும் உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை எடுப்பதாம். ஒஸ்லோவுக்கு ஒஸ்லோச் சூரியனைத்தான் பார்க்க வேண்டுமாம்.

"நீர் நம்ப வேண்டாம். எழுதினால் மட்டும் காணும்."

எழுதினேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். ஒஸ்லோவில் கோடையில் பகல் நீளும் என்பதால் ராகுகாலம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும். மார்கழியில் ஒரு மணித்தியாலம்கூட வராது. ராகுவும் இங்கே கோடையில் ஓவர்டைம் செய்கிறார் என்று நான் நக்கலடிப்பேன். ராகுகாலத்தில் நிரல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். தானாக வாங்காது, விற்கவும் விற்காது. 'ராகுகாலம் பார்க்கிறேன், பொறுக்கவும்' என்று திரையில் ஒரு வரியும் போட்டேன், அவரைச் சீண்டுவதற்கு. அவர் கையால் வாங்குவதை மட்டும் நான் தடுக்கவில்லை. வேண்டுமென்றால் நாட்காட்டியை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு தை மாதம் அவருக்கு வேலை கிடைத்தது. ஹம்மர்பெஸ்ட்டில், எரிவாயு ஆலையில். நாட்டின் வடக்கு நுனி, விமானம் மாறிப் போக வேண்டிய இடம். அந்தக் காலத்தில் இலங்கையில் இருந்து வந்த எங்கள் ஆட்கள் மீன் ஆலைகளில் மீன் வெட்டப் போன பக்கம்தான். அவர் துள்ளிக் குதித்தார். எனக்கு அழுகை வந்தது.

"ஏனப்பா அழுறீர்? புரோகிராம் ஒரு வருசச் சம்பளத்தை உழைச்சுத் தரட்டும். அண்டைக்கே விட்டிட்டு ஓடி வாறன்."

அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். அதுவரை விளையாட்டாக இருந்த நிரல் அன்றிலிருந்து எனக்கு என் மனுசனை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியானது. கிடைத்த நேரமெல்லாம் அதைத் தீட்டினேன். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை கேட்டிருப்பீர்கள். நான் குதிரையை நம்பிக் கைவிட்டவள்.

அங்கே போனதும் முதல் சண்டை சூரியனைப் பற்றித்தான் வந்தது. கணினி ட்வெய்ட்டாவில் ஓடுகிறது, அவர் ஹம்மர்பெஸ்ட்டில் இருந்து அதை இயக்குகிறார். எந்த ஊர்ச் சூரியனுக்கு ராகுகாலம் பார்ப்பது?

"கொம்பியூட்டருக்கு ஏதப்பா ராகுகாலம்? காரியம் செய்யிற ஆள் நான். நான் நிக்கிற இடத்துச் சூரியனைப் போடும்."

போட்டுத் தொலைத்தேன். பங்குனி, சித்திரை எல்லாம் ஒழுங்காகப் போனது. காசும் மெல்ல மெல்லச் சேர்ந்தது. நான் மனதுக்குள் கார்த்திகை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கார்த்திகையில் விளக்கு வைக்கும்போது மூன்று பேரும் ஒன்றாக நிற்போம் என்று.

மே மாதத்து ஒரு சனிக்கிழமை ஒஸ்லோவின் குறொன்லாண்டில் எங்கள் ஆட்களின் கடையில் பாகற்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கிறேன், கைபேசி அடித்தது.

"இஞ்சாரும்! அது விக்குதில்லை!"

அன்றைக்குப் பெரிய பந்தயம். விலை மலிவாக நின்றதைக் கண்டு அவர் கையால் வாங்கியிருக்கிறார். நிமிடக் கணக்கில் விற்றுவிடப் போகிற சாமான்தானே என்று இருந்த காசு முழுவதையும் போட்டிருக்கிறார். எப்போதும் செய்வதுதான். விற்பது நிரலின் பொறுப்பு.

"கழுவுப் பொத்தானை அமத்துங்கோ!"

"அமத்திக்கொண்டுதான் நிக்கிறன். ராகுகாலம் பாக்கிறன், பொறுக்கவும் எண்டு சொல்லுது!"

கையில் இருந்த பாகற்காயைப் பெட்டியிலேயே போட்டேன்.

"இண்டைக்கு அங்கை எத்தினை மணிக்குப் பொழுதுபடும்?"

அவர் மெதுவாகச் சொன்னார்.

"இண்டையிலை இருந்து பொழுது படாது. இனி ஆடி முடியத்தான் படும்."

ஐயோ கடவுளே! நோர்வேயில் இத்தனை வருடம் இருக்கிறேன், நடுச்சாமச் சூரியனைப் பற்றிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எனக்கு இது ஓடவில்லையே! சூரியன் மறையும் நேரம் கிடைத்தால்தான் பகலை எட்டாகப் பிரிக்கலாம், பிரித்தால்தான் இது ராகுகாலமா இல்லையா என்று தெரியும், தெரிந்தால்தான் விற்கலாம். நிரல் அஸ்தமனத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை, ஆடி முடியும்வரை நின்றிருக்கும். சந்தையின் இணையத்தளத்துக்குள் நேரே போய் விற்கச் சொன்னேன். அவர் கடவுச்சொல்லைத் தேடி முடிக்க முன்னம் குதிரைகள் வெளிக்கிட்டுவிட்டன.

"ஓடுதுகள்! இஞ்சாரும், ஓடுதுகள்! படம் வருது!"

"எங்கட எது?"

"பச்சைத் தொப்பி. பின்னுக்கு நிக்குது. பின்னுக்குத்தான்... பொறும், வருது. வெளிப்பக்கத்தாலை வருது!"

நான் பாகற்காய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு "ஓடு, ஓடு, என்ரை ராசா, ஓடு" என்று கத்தினேன். கடைக்காரர் காசுப் பெட்டியை விட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டில் ஏதோ ஆபத்து என்று நினைத்திருப்பார், பாவம்.

வென்றது. ஒரு தலை நீளம் முந்தி வென்றது.

ஒரு வருடச் சம்பளம் என்ற எல்லையை அந்தப் பச்சைத் தொப்பி ஒரே ஓட்டத்தில் தாண்டிவிட்டது. நான் கடைக்குள்ளேயே அழுதேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அது எனக்கு நடந்தது.

"இனி வரலாம்! திங்கட்கிழமையே சொல்லிப்போட்டு வாங்கோ!"

அவர் குரலில் சந்தோசம் இல்லை.

"அது கணக்கிலை வராதப்பா."

"என்ன வராது?"

"ராகுகாலத்திலை வந்த காசு."

என் கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அடுத்த ஒரு கிழமை முழுக்க, ராகுவை நம்பாத நான் ராகுவுக்காக வழக்காடினேன். "பகல் முடியாட்டி எட்டாப் பிரிக்க ஏலாது. பிரிக்க ஏலாட்டி அங்கை ராகுகாலமே இல்லை." அவர் விடாமல், "அல்லாட்டி முழு நாளும் ராகுகாலம்" என்பார். நான் கோயில் ஐயருக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஹம்மர்பெஸ்ட்டைப் பற்றிச் சாத்திரத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் அரைவாசியைக் கோயில் திருப்பணிக்குக் கொடுத்தால் எந்தத் தோசமும் நிற்காது என்றார். அதையும் என் மனுசனிடம் சொன்னேன். குடுப்பம், முழுக்கவே குடுப்பம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காசை வேண்டாம் என்கிற ஆள் காசுக்காக அங்கே நிற்கவில்லை.

"ராகுவை விடுங்கோ" என்றேன். "உங்களுக்கு வர விருப்பம் இல்லையோ?"

கடற்பறவைகள் கத்தும் சத்தம் கேட்டது. வெளியே நின்று கதைக்கிறார் போல.

"உங்கை வர விருப்பம் இல்லாமல் இல்லை" என்றார். "அந்தக் குசினி மேசைக்குத் திரும்பி வர என்னாலை ஏலாது."

அவரே தொடர்ந்தார்.

"விடிய நீர் வேலைக்குப் போறதை யன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பன். நீர் திரும்பி வாறமட்டும் அந்த வீட்டிலை நான் ஆரெண்டு எனக்கே தெரியாது. நீர் வந்தால்தான் சிரிப்பன். அதுவும் நீர் சந்தோசமா இருக்கிறீர் எண்டு சிரிக்கிறனான். இஞ்சை ஒரு நாள் நான் பிந்தினால் தேடுறாங்கள். என்னைத் தேடுறாங்களப்பா. அந்த ரெண்டு வருசம் எனக்கு மறியல்."

கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் நான் மிகவும் சந்தோசமாக இருந்த காலம் எது என்று யாரும் கேட்டிருந்தால், யோசிக்காமல் அந்த இரண்டு வருடத்தைத்தான் சொல்லியிருப்பேன். ஒரே மேசை, ஒரே கதை, ஒரே சிரிப்பு. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் அவ்வளவு பாடுபட்டு நிரலைத் தீட்டினேன். அவருக்குச் சிறையாக இருந்த இடத்துக்கே அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப நாங்கள் அங்கை வாறம்" என்றேன். அவர் அழத் தொடங்கினார்.

ஆவணியில் மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டு போனோம். எனக்கு வீட்டில் இருந்தே வேலை செய்ய நிறுவனம் சம்மதித்தது. சூரியனே வராத மார்கழிகளையும் பார்த்தேன். அந்தச் சந்தை பிறகு நோர்வேயில் இருக்கிறவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது, நிரலுக்கும் வேலை இல்லாமல் போனது. சில வருடங்களுக்குப் பிறகு அவருக்கு ஒஸ்லோவிலேயே நல்ல வேலை கிடைத்து, மீண்டும் ட்வெய்ட்டாவுக்கு வந்தோம். இப்போது காலையில் எனக்கு முதல் அவர் வெளிக்கிட்டுப் போகிறார்.

போன மாதம் மகள் சாப்பிட வந்திருந்தாள். தனக்கென்று வீடு பார்த்திருக்கிறாள், அந்தக் கதை போய் எங்கள் கதையில் வந்து நின்றது. "பப்பா, அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் கூடச் சந்தோசமா இருந்தது எப்ப?" என்று கேட்டாள். அவர் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"ஹம்மர்பெஸ்ட். நீங்கள் வந்த முதல் மாரிக் குளிர்காலம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உமக்கு?" என்று கேட்டார்.

"எனக்கும் அதுதான்" என்றேன்.