பி செக்ஷன் கணக்கு

ஆரம்பப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர்களுக்குப் பிள்ளைகளால் வரும் தலைவலியைவிடப் பக்கத்து வகுப்பால் வரும் தலைவலிதான் பெரிது. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளி. மூன்றாம் வகுப்பு ஏ செக்ஷன் எனக்கு; பி செக்ஷன், அந்த வருஷம் புதிதாக வந்த எஸ்தர் டீச்சருக்கு. நடுவில் ஒரு மரத் தடுப்பு மட்டும். அம்மாவின் வகுப்பில் மகள் உட்காரக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டதால், என் மகள் யாழினி தடுப்புக்கு அந்தப் பக்கம்.

முந்நூற்று ஐந்து

ஜூன் மாதம், இடமதிப்புப் பாடம். முந்நூற்று ஐந்தை எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 3005 என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். எஸ்தர் டீச்சர் தரையில் சாக்பீஸால் நூறு, பத்து, ஒன்று என்று மூன்று வட்டம் போட்டு, நூறில் மூன்று பிள்ளைகளையும் ஒன்றில் ஐந்து பிள்ளைகளையும் நிற்க வைத்திருந்தார். நடுவட்டம் காலி. "பத்து வீட்ல யாரும் இல்ல! பூஜ்ஜியம்!" என்று வகுப்பே கத்தியது. என் மகள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக.

நான் திரும்பி வந்து அதே எண்ணைப் பலகையில் நாலாவது தடவை எழுதினேன். முதல் பெஞ்சு தேவி கையைத் தூக்கினாள். சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று ஆசையாகப் போனேன். "மிஸ், நாங்க எப்ப பி செக்ஷனுக்குப் போவோம்?"

கடன் வாங்கிக் கழித்தல்

வீட்டில் யாழினி ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு" என்றேன். பதினோரு வருஷமாக நான் சொல்லிக்கொடுக்கிற வாக்கியம் அது. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். கடனே கிடையாதாம். ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றி, இருக்கிற இரண்டோடு சேர்க்க வேண்டுமாம். விடை இரண்டு வழியிலும் இருபத்தைந்துதான் என்று நான் குரலை உயர்த்தியதும் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"நீ உன் கிளாஸ் பசங்களுக்கு அப்படியே சொல்லிக் குடுத்துக்கோம்மா. நாங்க எங்க மிஸ் சொன்ன மாதிரி போட்டுக்கறோம்."

ஆறு எட்டு

பெருக்கல் பாடம் நடந்த வாரம், என் வகுப்பு மணியின் அம்மா மாலையில் பள்ளி கேட் அருகே காத்திருந்தார். வீட்டில் தறி நெய்கிறவர். பக்கத்து வீட்டு பி செக்ஷன் பெண் தறி அருகே வந்து நின்று, சேலையில் வரிசைக்கு ஆறு பூப் புட்டா, எட்டு வரிசை, மொத்தம் நாற்பத்தெட்டு என்று சட்டென்று சொல்லிவிட்டதாம்.

"எம்பையன் இன்னும் வெரலு எண்ணிக்கினு இருக்கான் மிஸ். கோச்சிக்காதீங்க, அவனையும் அந்த மிஸ்கிட்ட மாத்தி வுட்ருங்கம்மா."

சத்தம்

மறுநாள் எஸ்தர் டீச்சர் நீளம் அளக்கும் பாடத்துக்காகப் பிள்ளைகளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், அடி எண்ணி நடக்க விட்டார். ஒரே கூச்சல். நான் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், பாடம் நடத்தவே முடியவில்லை, தலை வலிக்கிறது என்றேன். வலித்தது தலை இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று மத்தியானத்திலிருந்து பி செக்ஷன் அமைதியாகிவிட்டது.

நான்கு நாள் அந்த அமைதியில் நன்றாகவே பாடம் நடத்தினேன். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகும் செவிலிமேடு பஸ்ஸில் யாழினி என் மடியில் பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இப்பல்லாம் மிஸ் எங்களைப் பெஞ்ச விட்டு எழுப்பறதே இல்லம்மா. யாரோ கம்ப்ளைன்ட் பண்ணிட்டாங்களாம். யாரும்மா அவ்ளோ கெட்டவங்க?"

மன்னிப்பு

அந்தக் கேள்வியோடு இரண்டு நாள்தான் இருக்க முடிந்தது. சாப்பாட்டு இடைவேளையில் எஸ்தர் டீச்சர் தனியாக இருந்தபோது போய் உட்கார்ந்து, "சொன்னது நான்தான் டீச்சர். பொறாமை" என்றேன். அவர் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அன்னைக்கே தெரியும் டீச்சர். சத்தம் கேக்குற தூரத்துல இருக்கறது நீங்க ஒருத்தங்கதானே?"

திரும்பவும் தலைமையாசிரியரிடம் போய், சத்தம் பரவாயில்லை சார், அவரை அவர் பாணியில் நடத்த விடுங்கள் என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் வந்த தலைவலி இந்த வாரம் எங்கம்மா போச்சு?"

ஏழே முக்கால்

பிப்ரவரியில் மணி பார்க்கும் பாடம். இரண்டு செக்ஷனையும் சேர்த்தே நடத்தலாம் என்று எஸ்தர் டீச்சர்தான் கூப்பிட்டார். தடுப்பை ஓரமாகத் தள்ளினோம். அட்டைக் கடிகாரத்தில் சின்ன முள் எட்டை நெருங்கியிருக்க, யாழினி எட்டே முக்கால் என்று எழுதிவிட்டுக் குழம்பி நின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன முள் எட்டை இன்னும் தொடவில்லை என்று காட்டினேன். வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் என்னிடம் தெளிந்தது. "ஏழே முக்கால்!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு எஸ்தர் டீச்சர் பக்கம் ஓடினாள். "நீ சொன்னது சரிதான்மா. எதுக்கும் மிஸ்கிட்ட ஒரு தடவ கேட்டுக்கினு வந்துடறேன்."

வருகிற ஜூனில் அவளுக்கு நாலாம் வகுப்பு, வேறு டீச்சர். அந்த டீச்சர் கொஞ்சம் சுமாராகவே நடத்த வேண்டும் என்று நான் வரதராஜப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டது பாவத்தில் சேருமா என்று, இந்த நோய் உள்ளவர்கள் யாராவது சொன்னால் தேவலை.