உலகநாதனின் சத்தக்கடை

“வாயைத் தொறங்க சார்” என்றார் உலகநாதன். பல் டாக்டரிடமிருந்து தப்பி வந்து இங்கே மாட்டிக்கொண்டவனைப் போல விழித்தேன். “தொறந்து வெச்சிகினு கேளுங்க. மூடிகினு கேட்டா பாதி சவுண்டு வெளியவே நின்னுடும்.” இதைச் சொல்லிவிட்டு, உறுமிக்கொண்டிருந்த புல்லட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று தானும் வாயைப் பிளந்துகொண்டார். புல்லட்டுக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே பிளந்துகொண்டுதான் இருந்தார். ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் போகிற பஸ் ஒன்று எங்களைக் கடந்தது. ஜன்னலோரத்து ஆட்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பி, வெயிலில் ஆவென்று நிற்கும் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வண்டிக்கு முதுகு காட்டி நிற்பதற்கும் அவரிடம் காரணம் உண்டு. “மூஞ்சியப் பாத்துகினு கேட்டா கண்ணு ஏமாத்திடும் சார். பெயிண்டு பளபளன்னு கீதேன்னு காது மயங்கிப் பூடும்.”

படாளத்தில் டீக்கடைக்கு அடுத்தது அவர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வேப்பமரக் கிளையிலிருந்து பழைய சைலன்சர்கள் கம்பியில் வரிசையாகத் தொங்கும். காற்றடித்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஒலிக்கும். விளம்பரம் அதுதான். சாலையை நாலு வழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் கடைமுழுக்கச் செம்மண் புழுதி. அந்தப் புழுதிக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வந்த சைலன்சரை அறுத்து, உள்ளே இருக்கிற ஓட்டைக் குழாயை உருவி, நீளத்தைக் குறைத்தோ ஓட்டையைக் கூட்டியோ பஞ்சு சுற்றியோ திரும்ப வைத்து வெல்டிங் அடிப்பார். ஆளைப் பார்த்தால் ஐம்பது வயது சொல்லலாம். ஊரையே அதிர வைக்கிற இந்த மனிதருக்குக் கடவுள் கொடுத்திருக்கும் குரல் மட்டும் கீச்சுக் குரல். டீக்கடையில் “ரெண்டு டீ” என்று அவர் கத்தினால் டீ வராது. பக்கத்தில் நிற்பவர் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

எனக்கோ சத்தமே ஆகாது. கூடுவாஞ்சேரியில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீட்டை வாங்கித் தொலைத்தவன் நான். என் வண்டியின் சைலன்சரில் துரு அரித்து ஓட்டை விழுந்தது. அதை அடைத்து, முடிந்தால் இருக்கிற சத்தத்தையும் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் முதலில் போனேன். இனிப்புக் கடைக்கு வந்து உப்பு கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனாலும் அடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு, மதுராந்தகத்திலிருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இறங்காமல் போவதில்லை. வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை. ஆள் பிடித்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

எந்த வண்டி வந்தாலும் ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்பார்: “யாருக்குக் கேக்கணும்?”

சும்மா கேட்கிற கேள்வி இல்லை. பதில் வராமல் வேலை தொடங்காது. கடப்பாக்கத்திலிருந்து மீன் வியாபாரி ஆபிரகாம் வந்தார். தெருமுனையில் திரும்பும்போதே அடுப்படியில் இருக்கும் தன் மனைவி ஞானம்மாளுக்குக் கேட்க வேண்டும், குழம்பு சூடாக வேண்டும் என்றார். வீட்டுக்குப் பின்னாலேயே கடலாம். உலகநாதன் யோசித்தார். “அலைச் சத்தம் கீழ் சுதில இழுத்துகினு போவுது. நாமளும் கீழப் போனா கடல் முழுங்கிடும். ஒன்க்கு மேல போற சவுண்டு வேணும்” என்று குழாயை வெட்டித் தள்ளினார். குழம்பு சூடாகிறதென்று பிறகு தகவல் வந்தது. கல்பாக்கத்து அதிகாரி பாலசுப்ரமணியன், மாமனார் தெருவில் கேட்க வேண்டும், ஆபீஸ் வாசலில் கேட்கவே கூடாது என்றார். “அது சைலன்சர்ல இல்ல சார், உங்க வலது கைல கீது” என்று கையை முறுக்கிக் காட்டி அனுப்பிவிட்டார்.

மத்தியானம் சோறு கொண்டுவரும் அவர் மனைவி அம்சா இந்தக் காதைப் பற்றி வேறு அபிப்பிராயம் வைத்திருக்கிறார். “வூட்ல மிக்சியப் போட்டா வந்து முதுகக் காட்டிகினு நிக்கிறாரு. பேரிங்கு போச்சாம், கயிட்டிட்டாரு. அப்பால சட்னிய நான் எதுல அரைக்கிறது?” உலகநாதன் சோற்றைப் பிசைந்தபடி, “அந்தம்மா சவுண்ட மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியல சார்” என்பார். அம்சா கரண்டியாலேயே அவர் தோளில் ஒன்று வைப்பார். 

தர்மராஜ் கதைக்கு வருகிறேன். சுற்றுப்பட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய் மாடு கறந்து, பாலைக் கேனில் கட்டிக்கொண்டு செங்கல்பட்டு டீக்கடைகளுக்குக் கொடுப்பவர் தர்மராஜ். அவருடைய ராஜ்தூத்தின் சைலன்சருக்குள் பல வருஷத்துக் கரி. “தர்மாஸ்பத்திரி வராண்டா மாதிரி இருமிகினு கீதுப்பா” என்று உலகநாதன் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் கல்யாணம் வந்ததும் தர்மராஜுக்கு ஆசை வந்துவிட்டது. வண்டியை விட்டார். வழக்கமான கேள்வி வந்தது. “பொண்ணு வூட்டுக்காரங்க திரும்பிப் பாத்தாப் போதும் அண்ணாத்த” என்றார் தர்மராஜ்.

உலகநாதன் தன் வித்தையெல்லாம் அதில் இறக்கினார். உள்குழாயை மாற்றினார், கரியைச் சுரண்டினார், சைலன்சரைத் தாங்கும் கிளாம்பு ஆடிக்கொண்டிருக்க, அதைக்கூட இலவசமாக முறுக்கிக் கொடுத்தார். சத்தமே ஆகாத எனக்கே அந்த ஒலி இதமாக இருந்தது. கல்யாணத்தில் பெண் வீட்டார் மட்டுமில்லை, நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தாராம்.

அடுத்த ஞாயிறு நான் போன நேரம், தர்மராஜ் வண்டியை நிறுத்திவிட்டு அழுகிற முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். “பேஜாராப் பூச்சி அண்ணாத்த. பார்வதம்மா வூட்டு செவலை பால எக்கிகிச்சி. இந்த வாரம் பூரா கொறஞ்சிகினே வந்து, நேத்து சாயங்காலம் ஒரு சொட்டு எறங்கல. காலைலயும் இல்ல. மடி கல்லு மாரி ஆயிகினு கீது.”

“அதுக்கு எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த? மாட்டு டாக்டராண்ட போ” என்று சிரித்தார் உலகநாதன்.

“என் வண்டி சத்தம் கேட்டாத்தான் அது சொரக்கும். கெணத்து மூலைல நான் திரும்பறப்பவே காம்புல சொட்ட ஆரம்பிச்சிடும். இப்ப நான் போனா, எவனோ திருடன் வந்துகினான்ற மாரி பாக்குது.”

உலகநாதனின் சிரிப்பு நின்றது. மற்ற மாடுகளுக்குக் கன்று இருக்கிறது, முட்டவிட்டால் சுரந்துவிடும். இந்தச் செவலைக்குக் கன்று பிறந்த வாரமே செத்துப்போனது. தர்மராஜின் வண்டிச் சத்தம்தான் அதற்குக் கன்று. ஊசி போட்டு இறக்கலாம் என்று யாரோ சொல்ல, ஒருமுறை போட்டால் பிறகு ஊசியில்லாமல் சுரக்காது என்று பார்வதம் மறுத்துவிட்டாள். வீட்டில் இருப்பது அந்த ஒரே மாடு. பால் மடியிலேயே தங்கினால் நோய் கண்டு மாடே கெட்டுவிடும்.

“அந்தப் பழைய சவுண்டுதான் வேணுமாமா அதுக்கு?” என்று கேட்டார் உலகநாதன். குரலில் மாட்டின் மேல் உண்மையாகவே வருத்தம். பழைய குழாயோ இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உட்கார்ந்து அறுத்தார். பழைய அளவிலேயே புதுக் குழாய் செய்தார். அது சுத்தமாகப் பாடியது, கூடாதே! அம்சாவைக் கூப்பிட்டு, விறகடுப்புக் கரியை வழித்துவரச் சொன்னார். பழைய ஆயிலில் அதைக் குழைத்து, தான் போட்ட ஓட்டைகளில் பாதியைத் தானே அடைத்தார். “இத்தினி வருஷமா கரியச் சொரண்டிகினு இருந்தியே, இப்ப பூசறியா?” என்றார் அம்சா. வண்டியைக் கிளப்பினார்கள். நாங்கள் எல்லாரும் வாயைத் திறந்து நின்றோம். தர்மராஜ் குதித்தார். “இதான்! இதேதான் அண்ணாத்த!”

சாயங்காலக் கறவைக்குத் தர்மராஜ் முன்னால் போக, உலகநாதன் தன் யெஸ்டி பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு பின்னால் போனார். அந்த யெஸ்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அவர் கையாலேயே செய்த சைலன்சர். தெருவே திரும்பிப் பார்க்கும். திரும்பாதவர் யாராவது இருந்தால் உலகநாதன் வேகத்தைக் குறைத்து, திரும்பும்வரை காத்திருந்து போவார். ஏரிக்கரை ஓரமாய் அந்த ஊருக்குள் நாங்கள் நுழைந்தபோது குழந்தைகள் கூடவே ஓடிவந்தார்கள்.

தர்மராஜ் கிணற்று மூலையிலிருந்து வந்தார். செவலை காதை விறைத்தது. பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. திரும்பப் போய்த் திரும்ப வந்தார். மாடு காலை உதறி நகர்ந்து நின்றது. சொம்போடு நின்ற பார்வதம் வெடித்துவிட்டாள். “யாருய்யா இத நோண்டினது? எம்மாட்டுக்கு நோவுதுய்யா! பாரு, கண்ணுல தண்ணி வுடுது பாரு. ஒன் சைலன்சரத் தூக்கி ஏரில போடு!”

உலகநாதன் மடியைத் தொட்டுப் பார்த்தார். சூடு. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பிறகு தர்மராஜை விட்டுவிட்டு அவளிடமே கேட்டார். “நான்தாம்மா நோண்டினேன். நீ சொல்லு. முன்னாடி இவன் வரப்ப எப்டி வரும்?”

பார்வதம் கோபத்திலேயே செய்து காட்டினாள். “எப்டி வரும்? டர்ர்… டர்ர்… ணங்! டர்ர்… டர்ர்… ணங்! தெனம் கேக்கறோமே.”

“ணங்கா?”

“ஆமா, ணங்.”

உலகநாதன் ராஜ்தூத்தின் அடியில் குனிந்தார். கிளாம்பு. அவர் இலவசமாக முறுக்கிக் கொடுத்த கிளாம்பு. முன்பு அது தளர்ந்து, பள்ளத்தில் விழும்போதெல்லாம் சைலன்சர் வண்டியின் இரும்பில் இடித்திருக்கிறது. தர்மராஜுக்குப் பழகிப்போய் அது காதிலேயே விழவில்லை. கோயில் வாசலில் நிற்கும் ஊர்பேர் தெரியாத வண்டியில் போல்ட்டு ஆடினாலும் முறுக்கிவிட்டுத்தான் சாமி கும்பிடப் போகிறவர் உலகநாதன். அவர் ஸ்பேனரைப் போட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் தகப்பனைப் போல, அந்த போல்ட்டைத் தளர்த்தினார். “இன்னும் கொஞ்சம்” என்றாள் பார்வதம். இன்னும் தளர்த்தினார்.

தர்மராஜ் கிணற்று மூலைக்குப் போனார். நான் வாயைத் திறந்தேன். உலகநாதன் திறந்தார். என்ன ஏதென்று கேட்காமல் பார்வதமும் திறந்தாள்.

டர்ர்… டர்ர்… ணங்.

செவலையின் காதுகள் மெல்லத் தளர்ந்தன. நின்றுபோயிருந்த அசை திரும்பத் தொடங்கியது. ணங். வைக்கோலில் ஒரு சொட்டு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. தர்மராஜ் ஓடிவந்து குத்துக்காலிட்டு உட்கார, சொம்பில் சர்ரென்று முதல் பீச்சு விழுந்தது. பார்வதம் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “எங்கண்ணு, எங்கண்ணு” என்று அழுதாள், சிரித்தாள்.

“இத்தினி வருஷத்துல இவ்ளோ கேவலமான சவுண்டு நான் குடுத்ததே இல்ல சார்” என்று என் காதோடு சொன்னார் உலகநாதன். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டார், கையிலிருந்த கரி கன்னத்தில் ஏறியது.

கிளம்பினோம். செவலை இன்னும் பால் விட்டுக்கொண்டிருந்தது. யெஸ்டியில் ஏறி உட்கார்ந்து கிக்கரை வெளியே தள்ளிய உலகநாதன், கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார். இறங்கினார். ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை உருட்டத் தொடங்கினார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். கிணற்று மூலையைத் தாண்டினோம், ஏரிக்கரை ஏறினோம். அப்போதும் அவர் கிளப்பவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் காலூன்றி நின்று, “இன்னா உலகநாதா, ஒன் வண்டியே நின்னுடுச்சா?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

உலகநாதன் விரலை உதட்டில் வைத்து, “மெதுவாப் பேசுப்பா” என்றார். “பெட்ரோலு தீந்துபூச்சி.” சொல்லிவிட்டு, முழு டாங்கியோடிருந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்தார்.