ஒரு கட்டுரைக்கு ஏழு ஆசிரியர்கள்

சங்கரன்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் இசக்கிசெல்வி, பெரியப்பா மூக்காண்டியின் விசைத்தறிக் கூடத்தில் எவ்வளவு சத்தம் எழுகிறது என்று கைபேசியால் அளந்து கட்டுரை எழுதியிருந்தாள். மாணவர்களுக்கான ஆய்விதழ் ஒன்றில் அது வந்தே தீரவேண்டும் என்று அவளுக்கு ஒரே வெறி. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே அச்சான தன் பெயரை மனசுக்குள் எத்தனையோ தடவை வாசித்தாயிற்று.

அனுப்புவதற்கு முன் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஹெலன் மிஸ்ஸிடம் காட்டினாள். மிஸ் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"என்னட்டி இது, ஏழு பேரு எழுதியிருக்கீங்களா?"

"ஆமா மிஸ். கூடம் பெரியப்பாவோடது. லேப்டாப் சௌந்தரபாண்டியன் மாமா தந்தாவ. மாமா பேரு இருந்தா அத்தை பேரும் இருக்கணும்லா?"

"ஏட்டி, இது ஆய்வுக் கட்டுரையா, காதுகுத்துப் பத்திரிகையா?"

பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கா மகள் காதுகுத்துப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போய், அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. அச்சில் ஏறும் எதுவானாலும் வயசு வரிசைப்படி எல்லோரையும் ஏற்றிவிடுவதுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம். தன் பெயரைக் கடைசியில் போட்டதே பெரிய அடக்கம் என்று நினைத்திருந்தாள்.

"வேலை செஞ்சவங்க பேரு மட்டுந்தான் வரணும். நாளைக்கு இதுல தப்பு இருக்குன்னு ஒருத்தர் கேட்டா அவங்கதான் பதில் சொல்லணும். சும்மா பேரு சேர்த்தா இதழ்ல திருப்பி அனுப்பிருவாங்க" என்றார் மிஸ்.

பெயரை விட்டால் குடும்பம் உடையும், விடாவிட்டால் கட்டுரை திரும்பும். பெரியப்பாவுக்குப் போன் போட்டு மிஸ் சொன்னதைச் சொன்னாள்.

"தப்பு கிப்பு இருந்தா என்னைத் தேடி எவனும் வருவானா?"

"கேள்வி கேப்பாங்க பெரியப்பா."

"எம்பேர எடுத்துருட்டி. நீ நல்லா இருப்ப."

மாமாவும் அத்தையும் மற்றவர்களும் அதைவிட வேகம். எல்லோரும் சந்தோஷமாகக் கழன்றுகொண்டார்கள். கெத்தாக நிற்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை என்றால் கசக்கத்தானே செய்யும்!

மிஸ் இரண்டாம் பக்கத்துக்கு வந்தார். "காலையில எடுத்த அளவு நிறைய இருக்கே. அப்ப நீ கிளாஸ்ல இருப்பியே?"

"அது அம்மா எடுத்தது மிஸ். அந்தக் கூடத்துலதான் தறி ஓட்டுதா."

"அந்தப் பேரு எங்க?"

இசக்கிசெல்விக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்த எல்லோர் பெயரும் இருந்தது. அம்மா எதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அதனால் அம்மாவின் நினைப்பே வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் அம்மா ஆறுமுகத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "உம்பேர போடப்போறேம்மா. யாராவது கேள்வி கேட்டா நீயும் பதில் சொல்லணும்."

"அளந்தது நாந்தான? சொல்லுதேன்" என்று சோற்றைப் போட்டாள் அம்மா. குழம்பு ஊற்ற எடுத்த கரண்டி பாதியில் நின்றது.

"அப்ப மொதல்ல ஏம்ட்டி போடல?"

ஆய்விதழ்க்காரர்கள் என்ன கேட்டாலும் சொல்ல இசக்கிசெல்வியிடம் பதில் தயாராக இருந்தது. அம்மா கேட்டதற்கோ, கட்டுரையை எடுத்துத் தன் பெயருக்கு மேலே 'ஆறுமுகத்தாய்' என்று எழுதிக் காட்டத்தான் முடிந்தது.