குழிக்குள்ளிருந்து வந்த வாசம்

வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினார்கள். நாலடி இறங்கியதும் கண்மாய்க் கரம்பை மண்ணின் குளிர்ந்த வாசம் வந்தது. எனக்குக் கைவேலை ஓடவில்லை.

தாயில்பட்டிப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் கண்மாய். பட்டாசுக் கம்பெனி விட்டு வரும் அம்மாவும் மற்ற பெண்களும் முழங்கைவரை மருந்து அப்பிய கைகளோடு நேராகத் தண்ணீரில் இறங்கி, கோரைப்புல்லைப் பிடுங்கித் தேய்த்துக்கொண்டே கதைபேச, கரையில் உட்கார்ந்திருக்கும் என் கால்விரல்களை அயிரைக் குஞ்சுகள் கொத்திக்கொண்டிருக்கும். ஐப்பசியில் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் சத்தம் வகுப்பறைவரை கேட்கும், அந்தத் தண்ணீர் வைப்பாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது என்று அப்பா சொல்வார்.

அப்பா அப்போது ஊராட்சி உறுப்பினர். மூன்று வருடம் மழை பொய்த்தபோது, கண்மாயில் இனித் தண்ணீர் நிற்காது, மனை போடலாம் என்ற தீர்மானத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. அதற்குள் கரையை வெட்டி, மண்ணடித்து, மனைக்கல் ஊன்றிவிட்டார்கள்.

இன்று வாசம் பட்டதும் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து குழிக்குள் குனிந்தார். “தண்ணி ஊறுதாய்யா?”

“இல்லைங்கய்யா, வெறும் நத்தை ஓடுதான் அம்புட்டும்,” என்றார் தோண்டியவர்.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“மொதல்ல அந்தக் குழிய மூடச் சொல்லு தாயி. வேற எங்கனயாச்சும் தோண்டட்டும்.”

எங்கே தோண்டினாலும் அதே மண்தான். மூடச் சொல்ல நான் பின்பக்கம் போனேன்.