கேட்காமல் வெட்டிய கல்

“பிள்ளை, ‘அன்பு மனைவி’ எண்டதை இங்கிலீசில எப்பிடிப் போடுறது?” என்று சவிரிமுத்து கேட்டார்.

பிலோமினா எழுதிக் கொடுத்தாள். “அந்த மனுசன் அவவுக்கு அடிச்ச அடி கொட்டாஞ்சேனைக்கே தெரியும், அண்ணை.”

“கல்லுக்குத் தெரியாதே!”

சவிரிமுத்து கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுபவர். தமிழ்க் குடும்பங்களும் ஆங்கிலத்திலேயே கேட்டன. அவருக்கோ ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கல் வீண். அதனால் எந்தச் சொல்லையும் கன்னியர் மடத்தில் படித்த பிலோமினாவிடம் கேட்காமல் உளியைத் தொடமாட்டார்.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் அவருடைய ஒரே மகள் திரேசா நெருப்புக் காய்ச்சலில் இறந்தாள். அவர் கேட்க வருவார் என்று பிலோமினா காத்திருந்தாள். அவர் வரவேயில்லை.

இறந்தோர் திருநாளன்று அவள் மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போனாள். திரேசாவின் புதுக்கல்லின் அருகே சவிரிமுத்து நின்றார். பழைய கற்களைப் பார்த்து அவராகவே வெட்டிய ஆங்கிலம். வாசித்துக்கொண்டு போனவளின் கண் இரண்டாம் வரியில் நின்றது.

அவர் அதைக் கண்டுவிட்டார்.

“பிழை இருந்தாச் சொல்லாதேங்கோ, பிள்ளை. அவளிண்ட பேரை இன்னொருக்கா வெட்ட என்னால ஏலாது.”