நாலாயிரம் பேர் பார்த்த பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனிக்கு வெப்சைட் செய்ததும் நான்தான். அதை ஓட்டும் சர்வர் என் மேஜைக்குக் கீழேயே உறுமிக்கொண்டு கிடக்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறார்கள் என்று காட்டும் எண் ஒன்றை முதல் பக்கத்தின் அடியில் வைத்திருந்தேன். இரண்டே மாதத்தில் அது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏனுங்க அம்மணி, நாலாயிரம் பேருன்னா எந்தெந்த நாட்டுக்காரங்க?"

"பாத்துச் சொல்றேனுங்க சார்" என்றேன்.

யார் வந்தாலும் சர்வர் தன் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிடும்: வந்த கம்ப்யூட்டரின் எண், நேரம், கேட்ட பக்கம், அது கிடைத்ததா இல்லையா. எல்லா வரிக்கும் ஒரே அமைப்பு. கறுப்புத் திரையில் மூன்று கட்டளைகளைக் கோத்துத் தட்டினால், எண்களை மட்டும் நறுக்கி, அடுக்கி, எது எத்தனை தடவை வந்தது என்று சொல்லிவிடும்.

தட்டினேன். மூவாயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒரே எண்தான். முதலாளி அறைக் கம்ப்யூட்டருக்கு நானே கொடுத்த எண் அது. நேரம், தினமும் காலை பத்தரை. அவருக்குக் காபி போகிற வேளை.

அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒவ்வொருக்கா அமுக்கறப்பவும் ஒண்ணு ஏறுச்சுங்க. நல்லாருந்துச்சு. சரி, அடுத்த எண் யாருங்க?"

"நானுங்க. சோதிச்சுப் பாத்தது."

எங்கள் இருவரையும் கழித்தால் வெளியாட்கள் முப்பத்தொரு பேர்.

"அந்த முப்பத்தொரு பேருல ஒருத்தராவது நமக்கு எழுதிக் கேக்கலியே, ஏனுங்க?"

திரும்பிப் போய், 'கிடைக்கவில்லை' என்று முடிந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். எங்கள் முகவரிப் பக்கத்தை ஏழு பேர் கேட்டிருந்தார்கள். ஏழு பேருக்கும் இல்லை என்று பதில் போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கோப்பின் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து அதற்குப் போகும் இணைப்பில் சின்ன எழுத்தைப் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் சர்வரில் ஏற்றுவதற்கு முன் என் கம்ப்யூட்டரிலேயே சோதித்ததோடு விட்டிருந்தேன்; அதற்கு இரண்டும் ஒன்றுதான். சர்வர் அப்படி விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. எனக்குக் காது சுட்டது.

போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நான் இல்லாத ஆள வரவெச்சேன். நீங்க வந்த ஆளுக்குக் கதவச் சாத்திப்போட்டீங்க."

கொஞ்சம் தைரியம் வந்தது. "மூவாயிரந்தடவை அமுக்குனதுக்கு, முகவரியை ஒருக்கா அமுக்கியிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்குமுங்களே சார்."

"நம்ம அட்ரஸ் எனக்குத் தெரியாதுங்களா?"

எழுத்தை மாற்றிப் பத்து நாள் கழித்து முதல் மின்னஞ்சல் வந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று முதலாளி வாய்விட்டுப் படித்தார். மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு வியாபாரி: தோட்டத்து பம்பு சத்தம் போடுகிறது, ஆள் அனுப்பவும்.

"பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல நேர்லயே வந்திருப்பாரே!" என்றார். என்றாலும் மெக்கானிக்கைக் காரில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே தானே கிளம்பிவிட்டார், மின்னஞ்சலின் அச்சுப் பிரதியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு.